சாயத்துக்காகத் தொடங்கிய பள்ளி: பாரிஸ் இஎஸ்பிசிஐ, ஒரு நிகழ்வு ஆய்வு

1882-இல் பாரிஸ் நகராட்சி தன் சொந்தக் காசில் ஒரு பள்ளியைத் திறந்தது. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை இவற்றைப் பார்த்துக்கொள்ளும் அதே நகராட்சிதான். பள்ளியின் வேலை, தொழிற்சாலைகளுக்கு வேதியியலும் இயற்பியலும் தெரிந்த ஆட்களைத் தயார் செய்வது. பதினாறே ஆண்டுகளில் அந்த வளாகத்திலிருந்து ரேடியம் வெளிவந்தது. அந்தப் பள்ளிதான் இன்று இஎஸ்பிசிஐ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் பாரிஸ் உயர் இயற்பியல், வேதியியல் தொழில் கல்விநிலையம்.

ரேடியம் கதை எல்லாருக்கும் தெரியும். பள்ளியின் கதை அவ்வளவாகத் தெரியாது. அதை எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணம் உண்டு: சாயத் தொழிலில் பிரான்ஸ் ஜெர்மனிக்குப் பின்தங்கிய குறையைத் தீர்க்க இதைத் தொடங்கினார்கள், அந்தக் குறையை இது தீர்க்கவில்லை. வேறு பலவற்றைச் செய்தது. இப்படி நடந்தது எதனால் என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

முலூஸ் நகரமும் புதுச்சேரித் துணியும்

கதை பாரிஸில் தொடங்கவில்லை. பிரான்சின் கிழக்கு ஓரத்தில் அல்சாஸ் பகுதியில் உள்ள முலூஸ் நகரத்திலிருந்து வர வேண்டும். அதற்கும் முன்னால் நம் சோழமண்டலக் கரைக்கு ஒருமுறை வந்து போக வேண்டும்.

17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து போன சாயம் போகாத பூத்துணிகள் பிரான்சைப் பைத்தியமாக அடித்தன. பட்டு நெசவாளர்களும் கம்பளி வியாபாரிகளும் முறையிட, 1686-இல் அரசு அந்தத் துணிகளைத் தடை செய்தது. இறக்குமதிக்கு மட்டுமல்ல, உள்ளூரில் அதேபோல அச்சடிப்பதற்கும் தடை. 1759 வரை இது நீடித்தது. முலூஸ் அப்போது பிரான்சில் இல்லை, சுவிஸ் மாகாணங்களோடு உறவு வைத்திருந்த தனி நகரம். 1746-இல் அங்கே துணி அச்சடிப்புப் பட்டறை வந்தது. பிரான்சின் தடை முலூஸுக்கு வாய்ப்பானது. 1798-இல் அந்த நகரம் பிரான்சோடு இணைந்தபோது, துணி அச்சடிப்பில் அது நன்றாகவே வேரூன்றி இருந்தது.

துணியில் நிறத்தை நிறுத்துவது வேதியியல். படிகாரம் எதற்கு, எந்த வேரை எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது என்பதெல்லாம் நம் ஊர்ச் சாயக்காரர்கள் கைப்பழக்கத்தில் வைத்திருந்த அறிவு. 1730-களில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவர் புதுச்சேரியில் சாயக்காரர்களைத் தன் கண் முன்னே துணி எழுதச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு பாரிஸுக்கு அனுப்பினார். கேட்டவர் துஃபே என்ற வேதியியலாளர். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இஎஸ்பிசிஐ-யிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.

கைப்பழக்கத்தைப் பாடமாக்கும் வேலையை முலூஸ் ஆலைக்காரர்கள் 1822-இல் தொடங்கினார்கள். அங்கே ஏற்பட்ட வேதியியல் வகுப்பும் ஆய்வகமுமே பிரான்சின் மிகப் பழைய வேதியியல் பொறியியல் பள்ளியின் தொடக்கம். முதலாளிகள் பணம் போட்டார்கள், பிள்ளைகள் ஆய்வகத்தில் கையால் செய்து கற்றார்கள், கற்றதை மறுநாள் ஆலையில் சோதித்துப் பார்த்தார்கள். பாரிஸின் பெரிய பள்ளிகள் கணிதத்தில் கில்லாடிகளை அரசுப் பணிக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், கை கறுக்க வேலை செய்யும் வேதியியலாளர்கள் முலூஸில் உருவானார்கள்.

தோல்வி

1856-இல் இங்கிலாந்தில் பெர்கின் என்ற வேதியியலாளர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதா சாயம் எடுத்தார். அடுத்து 1850-களின் இறுதியில் லியோனில் வெர்கன் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தைக் கண்டுபிடித்தார். பிரான்ஸ் முன்னணியில் நின்ற நேரம் அது. ஆனால் 1844-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் செய்முறையை விட்டுப் பொருளையே காப்பாற்றியது. அதாவது, ஃபுக்சினை வேறு யாராவது வேறு வழியில், இன்னும் மலிவாகச் செய்தாலும் விற்க முடியாது. நீதிமன்றம் காப்புரிமைக்காரர் பக்கம் நின்றது. திறமையான ஆட்கள் எல்லை தாண்டி, அப்போது காப்புரிமைச் சட்டமே இல்லாத சுவிட்சர்லாந்துக்குப் போனார்கள். பாசல் நகரத்தின் வேதியியல் தொழில் வளர்ந்ததில் பிரான்சின் இந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு. ஒரு தேசம் தன் போட்டியாளருக்குத் தானே அடித்தளம் போட்டுக் கொடுத்த கதை இது.

ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் 1868-இல் அலிசரினைச் செயற்கையாகச் செய்தார்கள். மஞ்சிட்டி வேரில் உள்ள சிவப்பு அதுதான். தெற்குப் பிரான்சில் அவிஞ்ஞோன் பக்கத்து மஞ்சிட்டி வயல்கள் சில ஆண்டுகளில் ஒழிந்தன. பின்னாளில் 1897-இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தபோது பீகாரிலும் தென் ஆற்காட்டிலும் அவுரி பயிரிட்டவர்களுக்கு நடந்ததும் இதேதான்.

இந்த நிலையில் 1870-இல் ஜெர்மானியரோடு போர் வந்தது. பிரான்ஸ் தோற்றது. 1871 மே மாதம் பிராங்க்பர்ட் ஒப்பந்தத்தில் அல்சாஸும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போயின. கூடவே முலூஸும் அதன் பள்ளியும் போயின. நாட்டின் ஒரே உருப்படியான தொழில் வேதியியல் பள்ளி ஒரே கையெழுத்தில் எதிரியின் சொத்தானது.

அல்சாஸ்காரர்கள்

இதற்குப் பிறகு பிரான்சில் வந்த வேதியியல் பள்ளிகளின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கிறார்கள். நான்சி நகரில் 1887-இல் வேதியியல் நிறுவனத்தை எழுப்பிய ஆல்பன் ஹாலர் அல்சாஸில் பிறந்தவர். 1896-இல் பாரிஸில் இன்னொரு வேதியியல் பள்ளியைத் தொடங்கிய ஷார்ல் ஃப்ரீடெல், ஸ்ட்ராஸ்பூரில் பிறந்தவர். இவர் பெயரில்தான் கல்லூரி மாணவர்கள் படிக்கும் ஃப்ரீடெல்–கிராஃப்ட்ஸ் வினை இருக்கிறது. நம் பள்ளியை முன்மொழிந்த ஷார்ல் லோத்தும், அதன் முதல் இயக்குநர் பால் ஷூட்ஸன்பெர்கெரும் அதே ஸ்ட்ராஸ்பூர்காரர்கள்.

ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். இவர்களையெல்லாம் போர் துரத்திய அகதிகள் என்று எழுதும் வழக்கம் உண்டு. அது பாதி உண்மை. லோத், ஷூட்ஸன்பெர்கெர், ஃப்ரீடெல் மூவரும் போருக்கு முன்பே பாரிஸுக்கு வந்துவிட்டவர்கள். ஷூட்ஸன்பெர்கெர் முலூஸில் சுமார் பத்தாண்டு வேதியியல் கற்பித்துவிட்டு 1865 வாக்கில் வந்தார். ஆக, அவர்கள் கொண்டுவந்தது அகதியின் கோபத்தை மட்டுமல்ல. முலூஸில் ஒரு பள்ளி எப்படி நடந்தது என்ற அனுபவமும் அவர்களிடம் இருந்தது. கோபம் எல்லாரிடமும் இருந்தது, அனுபவம் சிலரிடம்தான் இருந்தது.

லோத் சாய வேதியியலாளர், லோத் ஊதா என்ற சாயமே அவர் பெயரில் இருக்கிறது. செவ்ர் பீங்கான் ஆலையின் இயக்குநராகவும் இருந்தார். 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வேதிப்பொருள் பிரிவைப் பார்த்துவிட்டு, பிரான்ஸ் பின்தங்கிவிட்டது, தேசிய அளவில் ஒரு வேதியியல் பள்ளி வேண்டும் என்று அரசிடம் கேட்டார். அரசு அசையவில்லை. பாரிஸ் நகராட்சி கேட்டுக்கொண்டது. குடியரசுவாதிகள் நிறைந்த நகராட்சி மன்றம் அது. பாதிரிமார் கையிலிருந்து கல்வியை எடுப்பது, கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளை மேலே கொண்டுவருவது போன்றவற்றில் ஆர்வம் கொண்ட ஆட்கள். அவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்திப் போயிற்று.

திட்டத்தில் ஒரு மாற்றம் நடந்தது, அதுவே பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது. லோத் கேட்டது வேதியியல் பள்ளி. 1882-இல் திறந்தது இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த பள்ளி. 1881-இல்தான் பாரிஸில் சர்வதேச மின்சாரக் கண்காட்சி நடந்திருந்தது. மின்விளக்கும் தொலைபேசியும் மக்கள் கண்முன் நின்றன. மின்சாரத்தை விட்டுவிட்டு இனி தொழிற்கல்வி என்று ஒன்றைச் சொல்ல முடியாது.

எப்படி நடத்தினார்கள்

லோமோன் தெருவில் ஒரு பழைய கல்லூரிக் கட்டடத்தைக் கொடுத்தார்கள். கல்வி இலவசம். ஆண்டுக்குச் சுமார் முப்பது மாணவர்கள். பெரும்பாலும் நகராட்சியின் மேல்நிலைத் தொடக்கப் பள்ளிகளில் படித்த, பதினாறு பதினேழு வயதுப் பையன்கள். லத்தீன் தெரிய வேண்டாம். லத்தீன் தெரியாதவனுக்குப் பல்கலைக்கழகக் கதவு ஏறக்குறைய மூடியிருந்த காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

மூன்றாண்டுப் படிப்பு. முதல் பாதி எல்லாருக்கும் ஒன்றே, அப்புறம்தான் இயற்பியல் பக்கமா வேதியியல் பக்கமா என்று பிரிவார்கள். நாளில் பாதி நேரம் ஆய்வகத்தில் போகும். இதுதான் முலூஸிலிருந்து வந்த பாணி. ஆனால் இரண்டு துறைகளும் ஒரே கட்டடத்தில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியது முலூஸில் இல்லாதது.

பணம் அதிகம் இல்லை. 1882-இலேயே ஆய்வகப் பொறுப்பாளராக ஒரு 23 வயது இளைஞரை எடுத்தார்கள். பெயர் பியர் கியூரி. அண்ணன் ழாக்கோடு சேர்ந்து 1880-இல் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். பள்ளியில் அவருக்கென்று ஆய்வகம் கிடையாது. காந்தவியலில் அவர் செய்த சோதனைகளில் பெரும்பகுதி, படிக்கட்டுக்கும் பாடத் தயாரிப்பு அறைக்கும் நடுவே இருந்த நடைவழியில் நடந்தவை. இன்று கியூரி வெப்பநிலை என்று புத்தகத்தில் இருப்பது, அதாவது காந்தம் சூடேறித் தன் காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலை, அந்த நடைவழியிலிருந்து வந்தது. 1895-இல் முனைவர் பட்டம் வாங்கிய பிறகுதான் பேராசிரியர் பதவி வந்தது.

இதைப் பார்த்துவிட்டு, வறுமைதான் மேதைகளை வளர்க்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காத பேச்சு. பியர் கியூரிக்கே பிடித்திருக்காது. பின்னாளில் அரசு விருது தர முன்வந்தபோது, விருது தேவையில்லை, ஆய்வகம்தான் தேவை என்று மறுத்தவர் அவர். பள்ளி அவருக்குக் கொடுத்தது வசதி அல்ல, தொந்தரவு செய்யாமல் இருந்தது. என்ன ஆராய்கிறாய், சாயத் தொழிலுக்கு இதனால் என்ன லாபம் என்று ஷூட்ஸன்பெர்கெர் கேட்டதாகத் தெரியவில்லை. சாய வேதியியலாளர் ஒருவர், தன் பள்ளியில் ஓர் ஆள் பல ஆண்டுகள் காந்தத்தைச் சூடாக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். நிர்வாகத்தில் இதுவும் ஒரு திறமைதான்.

கொட்டகை

1897 இறுதியில் மேரி கியூரி முனைவர் பட்டத்துக்கு யுரேனியக் கதிர்களை எடுத்துக்கொண்டார். அவர் அந்தப் பள்ளியின் மாணவியும் அல்ல, ஊழியரும் அல்ல. கணவர் வேலை பார்க்கும் இடத்தில் ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். முதலில் தரைத்தளத்தில் ஈரமான ஒரு பொருள் அறை. அளவிடும் கருவி, பியரும் ழாக்கும் செய்த குவார்ட்ஸ் மின்னளவி. யுரேனியக் கதிர் காற்றை மின்கடத்தி ஆக்கும், அந்த மின்னோட்டம் மிகமிகச் சிறியது. குவார்ட்ஸ் தகட்டில் எடையைத் தொங்கவிட்டால் அது தெரிந்த அளவு மின்னூட்டம் தரும். ஒன்றை ஒன்றால் சரிக்கட்டி, எவ்வளவு நேரத்தில் சமமாகிறது என்று கடிகாரத்தில் பார்த்தால் கதிரின் வலிமை எண்ணாகக் கைக்கு வரும். மற்றவர்கள் புகைப்படத் தகட்டில் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேரியிடம் எண்கள் இருந்தன.

எண்கள் இருந்ததால்தான், யுரேனியம் எடுக்கும் பிட்ச்பிளெண்ட் தாது யுரேனியத்தைவிட நான்கு மடங்கு வரை வீரியமானது என்று தெரிந்தது. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். ரேடியம் அறிக்கையில் மூன்றாவது பெயராகப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த குஸ்தாவ் பெமோன் இருக்கிறார். அவரைப் பெரும்பாலான வரலாறுகள் மறந்துவிடுகின்றன. 1899-இல் ஆக்டினியம் கண்டுபிடித்த ஆந்த்ரே தெபியேர்ன் இதே பள்ளியின் பழைய மாணவர். இயற்பியல் கருவியும் வேதியியல் பிரித்தெடுப்பும் ஒரே கூரையின் கீழ் இல்லாவிட்டால் இந்த வேலை நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

பிரித்தெடுக்க இடம் போதவில்லை. முற்றத்துக்கு எதிரே, மருத்துவ மாணவர்கள் ஒருகாலத்தில் பிணம் அறுத்துப் படித்த கொட்டகை காலியாகக் கிடந்தது. கண்ணாடிக் கூரை, மழை வந்தால் ஒழுகும். பின்னால் அதைப் பார்க்க வந்த ஜெர்மன் வேதியியலாளர் ஆஸ்ட்வால்டுக்குக் குதிரை லாயத்துக்கும் உருளைக்கிழங்குக் கிடங்குக்கும் நடுவே எதையோ பார்த்ததுபோல் இருந்ததாம். போஹிமியாவின் யோவாக்கிம்ஸ்தால் சுரங்கத்திலிருந்து யுரேனியம் எடுத்தபின் மிஞ்சிய கழிவு டன் கணக்கில் வந்தது. மேரி ஒரு தடவைக்கு இருபது கிலோ வரை கொதிக்க வைத்து இரும்புக் கம்பியால் கிளறினார். 1902-இல் கையில் நின்றது ஏறத்தாழ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு. 1903-இல் நோபல் பரிசு வந்தது.

இன்று அந்தக் கொட்டகை இல்லை.

குவார்ட்ஸ் கல்லின் பயணம்

ரேடியத்தின் வெளிச்சத்தில் மறைந்துபோகும் இன்னொரு கதை இந்தப் பள்ளியில் உண்டு. ஆய்வாளராக எனக்கு அதுதான் அதிகம் சொல்கிறது.

பால் லாஞ்செவின் 1888-இல் பதினாறு வயதில் இங்கே சேர்ந்தவர். மோன்மார்த்ர் பகுதிப் பிள்ளை, நகராட்சிப் பள்ளியில் படித்தவர். நகராட்சி மன்றம் மனத்தில் வைத்திருந்த மாணவனுக்கு உருவம் கொடுத்தால் இவர்தான் வருவார். பியர் கியூரியிடம் பாடம் கேட்டார், பின்னால் பியர் பாரிஸ் பல்கலைக்கழகமான சோர்போனுக்குப் போனபோது அவர் இடத்துக்கு வந்தார், 1925-இல் பள்ளியின் இயக்குநரும் ஆனார்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிப்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. செவிக்கு எட்டாத ஒலியைத் தண்ணீரில் அனுப்பி எதிரொலியைக் கேட்பது என்ற யோசனையோடு, ரஷ்யாவிலிருந்து வந்த பொறியாளர் சிலோவ்ஸ்கியும் லாஞ்செவினும் வேலை செய்தார்கள். அவ்வளவு வேகமாக அதிர்வதற்கு என்ன பொருள்? தன் ஆசிரியர் பியர் கியூரியின் குவார்ட்ஸ். அழுத்தினால் மின்சாரம் தரும் கல், மின்சாரம் கொடுத்தால் அதிரும். குவார்ட்ஸ் துண்டுகளை இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்து 1917-இல் அதைச் செய்தார். 1918-இல் நீர்மூழ்கியிலிருந்து எதிரொலி கிடைத்தது. சோனாரின் பிறப்பு இது. மேரியின் அளவீட்டுக்கு உதவிய அதே கல், அதே பள்ளி.

ஒரு பள்ளி, இரண்டு பழைய மாணவர்கள்

லாஞ்செவினுக்குச் சற்று முந்திப் படித்தவர் ஜார்ஜ் குளோட். காற்றைத் திரவமாக்கும் புது முறை ஒன்றைக் கண்டுபிடித்து, 1902-இல் பள்ளித் தோழர் பால் தெலோர்மோடு ஏர் லிக்விட் நிறுவனத்தைத் தொடங்கினார். நம் மருத்துவமனை ஆக்சிஜன் தொழிலில் உலகப் பெரும்புள்ளி அது. காற்றைப் பிரிக்கும்போது மிஞ்சிய நியானைக் குழாயில் அடைத்து 1910-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஒளிரவிட்டார். உலகின் கடைத்தெருக்கள் சிவப்பாக ஒளிர்ந்தது அதற்குப் பிறகுதான்.

1940-இல் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்தார்கள். பாசிசத்தை வெளிப்படையாக எதிர்த்துவந்த லாஞ்செவினை அக்டோபர் 30 அன்று கைது செய்தார்கள். இயக்குநர் பதவி போயிற்று, த்ருவா நகரத்தில் வீட்டுக்காவல். மருமகன், இயற்பியலாளர் ழாக் சொலோமோன், 1942-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். மகள் எலேன் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பினார். குளோட் மறுபக்கம் நின்றார். ஜெர்மனியோடு ஒத்துழைக்க வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசினார். 1945-இல் ஆயுள் தண்டனை, 1950-இல் விடுதலை. லாஞ்செவின் 1944-இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப் போய், பாரிஸ் விடுதலையானதும் திரும்பி மீண்டும் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தார். 1946 டிசம்பரில் இறந்தார்.

நல்ல ஆய்வகப் பயிற்சி நல்ல குடிமகனை உருவாக்கும் என்று நம்பிய நகராட்சி மன்றத்தாருக்கு இந்த இருவரையும் காட்டினால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்ததுண்டு.

சாயம் என்ன ஆயிற்று

சரி, மூலக் கேள்விக்கு வருவோம். பள்ளி தொடங்கி 32 ஆண்டு கழித்து, 1914-இல், பிரான்ஸ் தன் சாயத்தில் பெரும்பகுதியை ஜெர்மனியிடமிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் படைவீரனின் புகழ்பெற்ற சிவப்புக் காற்சட்டைக்கே ஜெர்மன் அலிசரின். அந்த ஆண்டு புதிய சீருடைக்கு நீலம், வெள்ளை, சிவப்பு நூல் கலந்த துணி என்று முடிவு செய்தார்கள். போர் வந்ததும் சிவப்புச் சாயம் நின்றது. சிவப்பை விட்டுவிட்டு நெய்தார்கள், அதுதான் அடிவான நீலம் என்று பெயர் பெற்ற சீருடை. லோத் அதற்கு முந்தின ஆண்டே இறந்துவிட்டார். பார்க்கவில்லை, நல்லதாயிற்று.

தவறு பள்ளியினுடையது என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு முப்பது பேரை வைத்து ஜெர்மனியின் நூற்றுக்கணக்கான ஆலை வேதியியலாளர்களுக்கு ஈடுகொடுக்க முடியாது. அங்கே ஆலைகளே தங்களுக்குள் பெரிய ஆய்வகங்களை வைத்திருந்தன. படித்துவிட்டு வெளியே வரும் பையனை எடுத்து ஆராயவிடும் நிறுவனம் பிரான்சில் குறைவு. அதனால்தான் இந்தப் பள்ளியின் கெட்டிக்காரர்கள் ஒன்று குளோட் மாதிரி சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள், அல்லது லாஞ்செவின் மாதிரி அறிவியலுக்குள் போனார்கள். லாஞ்செவின் கைகாட்டி 1920-களில் மேரி கியூரியிடம் உதவியாளராகப் போன ஃப்ரெடரிக் ஜோலியோவும் இங்கே படித்தவரே. அவரும் மனைவி இரேனும் செயற்கைக் கதிரியக்கத்துக்காக 1935-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

நோபல் கணக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பள்ளியோடு சேர்த்துச் சொல்லப்படும் நோபல்காரர்களில் இங்கே மாணவராகப் படித்தவர் ஜோலியோ ஒருவரே. மற்றவர்கள் இங்கே வேலை பார்த்தவர்கள் அல்லது கற்பித்தவர்கள். ஆகவே பாடத்திட்டம் நோபலை உருவாக்கியது என்று முடிவு கட்டக் கூடாது. நல்ல ஆட்களைப் பிடித்து அவர்களைச் சும்மா விட்டது என்றால் பொருந்தும்.

தெ ஜென் காலம்

1976-இல் பியர்-ஜில் தெ ஜென் இயக்குநராக வந்தார், 2002 வரை இருந்தார். திரவப் படிகம், பாலிமர் ஆய்வுக்காக 1991-இல் நோபல் பெற்றவர். துகள்களைக் கண்டறியும் கம்பி அறையைச் செய்த ஜார்ஜ் ஷர்பாக்கும் 1984-இலிருந்து இங்கே பேராசிரியர். அவருக்கு 1992-இல் நோபல். தெ ஜென் சிறு குழுக்களாக ஆசிரியரோடு உட்கார்ந்து பேசிக் கற்கும் முறையைக் கொண்டுவந்தார். உயிரியலையும் பாடத்தில் சேர்த்தார். 1882-இல் வேதியியலோடு இயற்பியலைச் சேர்த்தபோது நடந்ததன் தொடர்ச்சி என்று இதைக் கொள்ளலாம். லுட்விக் லெய்ப்லர் குழு 2011-இல் அறிவித்த விட்ரிமர், இறுகிய பிறகும் சூடாக்கி மறுபடி வடிவம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக், இந்த மண்ணில் வந்ததுதான்.

ஒன்று மட்டும் தலைகீழாக மாறிவிட்டது. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 90 பேரை எடுக்கிறார்கள், பெரும்பாலும் இரண்டாண்டு கடுமையான ஆயத்த வகுப்பு முடித்து, எக்கோல் பொலிடெக்னிக் என்ற பெயர்பெற்ற பொறியியல் பள்ளியின் தரத்து நுழைவுத்தேர்வு எழுதியவர்களை. நகராட்சி இன்னும் பள்ளியோடு இருக்கிறது, ஆனால் பதினாறு வயதில் நகராட்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்து சேரும் லாஞ்செவினுக்கு இப்போது வழியில்லை. பள்ளியின் பெருமையைப் பேசும் கட்டுரைகள் இதைச் சொல்வதில்லை.

குவார்ட்ஸின் வழி மட்டும் அறுபடவில்லை. 1990-களில் மத்தியாஸ் ஃபிங்க் இங்கே ஒலியலை ஆய்வகம் நடத்தினார். உடலுக்குள் மெல்லிய அதிர்வை அனுப்பி, அது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று மீயொலியால், அதாவது லாஞ்செவின் அனுப்பியது போன்ற செவிக்கு எட்டாத ஒலியால், பார்த்தால் திசுவின் விறைப்பு தெரியும் என்பது அங்கே வளர்ந்த யோசனை. அதிலிருந்து 2001-இல் ஒரு நிறுவனம் பிறந்து ஈரலுக்கான கருவி ஒன்றைச் செய்தது. கொழுப்பு ஈரல் என்று டாக்டர் சொன்னதும் இப்போது நம் ஊர் மருத்துவமனைகளில் எழுதிக் கொடுக்கிறார்களே, ஃபைப்ரோஸ்கேன், அதுதான் அது. விலாவில் ஒரு சின்னத் தட்டு, சில நிமிடத்தில் கிலோபாஸ்கலில் ஓர் எண், ஊசி குத்தி ஈரலில் சதை எடுக்க வேண்டிய தேவை பலருக்குக் குறைந்துவிட்டது.